படத்துக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். டிசம்பர் மாதம் கடைகளில் கிறிஸ்துமஸ் கார்டுகளைத் தொங்கவிடுவார்கள் இல்லையா, அதில் ஒன்றிலாவது நீலப் போர்வை போட்ட மாதாவும் தரையில் படுத்திருக்கும் பாலகனும் இருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் தப்பாது. என் வீட்டுக்காரர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். காரணம் அவருக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் தோஹாவில் இருந்தோம். நஜ்மா என்ற பகுதியில் இரண்டாவது மாடி, கீழே தையல்கடை. இவர் ஒரு கட்டிடக் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். இவருக்கு மேலே ஒரு இங்கிலீஷ்கார மேனேஜர். விசா கம்பெனி பேரில் என்றாலும், அந்த மேனேஜர் தலையை ஆட்டினால்தான் எதுவும் நடக்கும். ஆகவே எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடி அவர்தான். சில நாள் சாமிக்கு முன்னாலேயே.

நான் மதுரையில் இங்கிலீஷ் இலக்கியம் பி.ஏ. படித்தவள். தோஹாவில் அந்தப் படிப்பு பால் டின்னில் எழுதியிருப்பதை வாசிக்க உதவியது. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கு அதுதான் காரணம் என்று யாரும் சொல்ல வராதீர்கள். பத்துப் பிள்ளை பெற்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த வருஷம் ஜூன் கடைசியில் மேனேஜரும் அவர் மனைவியும் லீவில் ஊருக்குக் கிளம்பினார்கள். இரண்டு மாசம் வீட்டைப் பூட்டினால் ஏசியை நிறுத்த வேண்டும். தோஹா வெயிலில் ஏசி இல்லாத வீடு அடுப்புதான். அந்த அம்மாளிடம் ஒரு பழைய படம் இருந்தது. மரப்பலகையில் வரைந்தது. இத்தாலியில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு குடும்பம் வீட்டில் வைத்துக் கும்பிட வரையச் சொன்ன படமாம். இவள் அம்மா வழியில் வந்தது. சூடு பட்டால் பலகை வெடித்துவிடும். நாங்கள் அந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு ஏசி ஓடும்.

மேடத்தை "வந்தார், சொன்னார்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வந்தாள். ஒரு டவலில் சுற்றி அந்தப் படத்தைக் கொண்டுவந்தாள். கூடவே தன் வீட்டு வேலைக்காரியையும் கொண்டுவந்தாள். பூட்டிய வீட்டில் அவளைத் தனியாக விட முடியாதாம். படத்துக்கு டைப் அடித்த ஒரு பக்கக் குறிப்பு இருந்தது. வெயில் படக்கூடாது, அடுப்பங்கரை கூடாது, ஏசிக் காற்று நேராக அடிக்கக் கூடாது, மேற்பரப்பைத் தொடக்கூடாது. வேலைக்காரிக்குக் குறிப்பு எதுவும் இல்லை. "நல்ல பெண். எது கொடுத்தாலும் சாப்பிடுவாள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நல்ல பெண் என்றாளே, அவளுக்கு என்னைவிட நாலு வயசுதான் குறைவு. இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். இரண்டு பிள்ளைகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள், சின்னதற்கு அப்போது ஒரு வயசு. மேடத்தைத் "தொரசாணி" என்பாள். அவர்கள் தோட்டத்தில் வெள்ளைக்கார துரைகளின் மனைவிமாரை அப்படித்தான் சொல்வார்களாம். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் இரண்டே வார்த்தை: யெஸ் மேடம். பசிக்கிறதா என்றாலும் யெஸ் மேடம், பசிக்கவில்லையா என்றாலும் யெஸ் மேடம். அதைச் சொல்லி அவளே சிரிப்பாள்.

"ஒருநா தொரசாணி, நீ என்ன முட்டாளான்னு கேட்டிருக்குக்கா. நான் யெஸ் மேடம்னுட்டேன். அப்புறம் பக்கத்து வீட்டு டிரைவர்தான் வெளங்கப்படுத்துனாரு."

அவள் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மத்தியானமே ஒரு நோட்டை எடுத்துப்போட்டு அவளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆரம்பித்தேன். முதல் பாடமே 'நோ'தான். நோ மேடம். ஐ டிட் நாட் டூ இட். பூந்தொட்டி உடைந்தால், சட்டை சுருங்கினால், நீ செய்யவில்லை என்றால் இதைச் சொல், தலையை நிமிர்த்திச் சொல் என்றேன். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் நான் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள். "டிட் யூ பிரேக் திஸ்?" "ஐ டிட் நாட் பிரேக் இட் மேடம்." ஒரு மாசத்தில் நன்றாகவே பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

இனி படத்துக்கு வருகிறேன். ஸ்கூல் சிலேட்டு அளவுதான் இருக்கும். இடிந்த சுவருக்கு முன்னால் அந்த மாதா முழங்கால் போட்டுக் கைகூப்பியிருந்தாள். அவள் போர்வையின் ஓரத்தில், தரையில், குழந்தை. உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. பக்கத்தில் தாடிக்காரக் கிழவர் கன்னத்தில் கை வைத்துத் தூங்கி வழிகிறார். பின்னால் ஒரு மாடு, ஒரு கழுதை. மாதாவின் தலையைச் சுற்றித் தங்கக் கம்பி மாதிரி ஒரு வட்டம். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"பெத்து ரெண்டு நாள் ஆகல, பச்சப் பிள்ளையத் தரையில போட்டுட்டு என்ன கும்பிடு வேண்டிக்கிடக்கு? தூக்கி வச்சுக்க மாட்டாளா?" என்றேன்.

"நானும் டெய்லி தூசி தட்டயில பாப்பேங்கா," என்றாள் அவள். "இன்னிக்காவது தூக்கியிருப்பாளான்னு."

சொல்லிவிட்டு அந்த டவலை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

சாமி படம் வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கே வைப்பது? ஹாலில் இவர் சிகரெட் பிடிப்பார். பெட்ரூம் அலமாரியில்தான் என் பூஜை அறை. மீனாட்சி, முருகன், பிள்ளையார், நாகூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு பச்சைத் துணி, எல்லாம் அதில்தான். அங்கே வெயில் வராது, ஏசி நேராக அடிக்காது. குறிப்பில் சொன்னபடியே முருகனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைக்குக் குளித்துவிட்டு எல்லாப் படத்தையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். வரிசையாக வைத்துக்கொண்டே வந்து அந்த மாதாவிடம் நின்றேன். எல்லார் நெற்றியிலும் பொட்டு இருக்க இவள் மட்டும் மூளி நெற்றியோடு. பிள்ளை பெற்ற வீட்டில். என் கை நிற்கவில்லை. அவளுக்குச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். அந்தக் குழந்தை திறந்த வெளியில் அம்மணமாகக் கிடக்கிறது, கண்ணேறு படாதா? மையைத் தொட்டு அதன் கன்னத்தில் சின்னதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தேன். மாட்டுக்கும் ஒன்று வைத்தேன். கழுதைக்கு வைக்கவில்லை.

அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாங்கக்கா. தொடக்கூடாதுன்னு தொரசாணி சொல்லியிருக்கு."

"குளிச்சிட்டுத்தானே தொடுறேன்," என்றேன்.

இதுதான் என் படிப்பு. 'தொடாதே' என்று டைப் அடித்திருந்தால் எனக்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் வீட்டில் சாமி படத்தைத் தொடாதே என்றால் குளிக்காமல் தொடாதே என்று. எங்கள் படம் எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணாடி உண்டு, பொட்டு கண்ணாடியில்தான் இருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இதன் பளபளப்பும் கண்ணாடி மாதிரியே இருந்தது. அது வார்னிஷ் என்று பி.ஏ.வில் சொல்லித்தரவில்லை.

அங்கே வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் லீவு. இவர் வீட்டிலேயேதான் இருந்தார். குளித்துவிட்டு வந்து அந்த அலமாரி முன்னால் நின்று, பொட்டு வைத்த மாதாவையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் இட்லி சாப்பிட உட்கார்ந்தார். "நம்மூர் அம்மன் மாதிரியே ஆக்கிட்ட," என்று சிரித்தார். ஒரு வெள்ளி இல்லை, ஒவ்வொரு வெள்ளியும். இதை மறக்காமல் எழுதவேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளி பழைய பொட்டைத் துடைக்கும்போது துணியோடு செதில் மாதிரி ஏதோ வந்தது. பார்த்தால் மாதாவின் நெற்றியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு தெரிகிறது. ஒரு புருவத்தைக் காணோம். வெள்ளையின் ஓரத்தில் குங்குமச் சிவப்பு ஊறிப்போயிருந்தது. குழந்தையின் கன்னத்து மை தேய்க்கத் தேய்க்கப் பரவியது. நான் கூப்பிட்ட குரலில் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். அவள் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. என் வேலை போச்சு," என்றார். "அடுத்த மாசம் விசா ரினியூவல் வேற."

"நானே சொல்லிடுறேங்க. தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்றேன்."

"நீ சும்மா இரு. நீ வாயத் திறந்தா நாம மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் பேசிக்கிறேன்."

எப்படிப் பேசப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் என்னைக் கேட்காதீர்கள். தெரிந்த பிறகு என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேனே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடம் வந்தாள். இவர் ஆபீசிலிருந்து முன்னாலேயே வந்து படத்தை அலமாரியிலிருந்து எடுத்து ஹால் மேசையில் வைத்திருந்தார். மேடம் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. விரலை நெற்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல், அப்படியே வைத்திருந்தாள். அவள் அழுதாள். அந்த ஒரு நிமிஷம் அவள் மேல் எனக்கு இரக்கம் வந்தது உண்மை. யார் செய்தது என்று கேட்டாள்.

அப்போதுதான் அந்தப் பதுளைப் பெண் டீ டிரேயோடு ஹாலுக்குள் வந்தாள். என் வீட்டுக்காரர் அவளைக் கையால் காட்டினார். இங்கிலீஷில் சொன்னார்: "இந்தப் பெண்தான் மேடம். பூஜை செய்கிற பழக்கம். பல தடவை சொல்லிவிட்டோம்."

சொல்லிவிட்டோம். என்னையும் சேர்த்துக்கொண்டார்.

மேடம் அவள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள். "டிட் யூ டூ திஸ்?"

நான் தினம் தினம் கேட்ட கேள்வி. நோட்டில் எழுதிக்கொடுத்த கேள்வி. பதிலும் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அவள் மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அவள் கையிலிருந்த டிரேயைப் பார்த்தேன். மூன்று கோப்பை, ஒரு சர்க்கரைக் கிண்ணம், ஒரு ஸ்பூன். இன்றைக்குக் கேட்டாலும் அந்த டிரேயை வரைந்து காட்டுவேன். ஏசி ஒரு தடவை நின்று மறுபடி ஓட ஆரம்பித்தது. அதுவரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"யெஸ் மேடம்," என்றாள்.

படத்தை டவலில் சுற்றிக்கொண்டு, அவளையும் அதே காரில் ஏற்றிக்கொண்டு மேடம் போய்விட்டாள். டீயை யாரும் தொடவில்லை.

நான் அடுப்பங்கரையில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இவர் பின்னால் வந்து நின்றார். "நல்லவேளை, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எதுக்கும் யெஸ்தான். நாம தப்பிச்சோம்."

"அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததே நான்தான்," என்றேன்.

பிறகு சொன்னார்: "அப்ப அவளே ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்."

அந்த மனிதரோடுதான் இன்னும் குடித்தனம் நடத்துகிறேன். நல்லவர் என்று ஊர் சொல்கிறது. என்னையும்தான் சொல்கிறது.

மூன்றாம் நாள் இவர் ஆபீசுக்குப் போனதும் நான் டாக்சி பிடித்து மேடம் வீட்டுக்குப் போனேன். இவருக்குத் தெரியாமல் தோஹாவில் நான் தனியாகப் போன முதல் இடம் அதுதான். அவளுக்கு டிக்கெட் வந்துவிட்டது, அன்று மாலை விமானம் என்று தையல்கடைக்காரர் மூலமாகக் கேள்விப்பட்டிருந்தேன். மேடம் கதவைத் திறந்ததும், உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். நான்தான் செய்தேன். ஒவ்வொரு வெள்ளியும் செய்தேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அவளை அனுப்பாதீர்கள்.

மேடம் என் நெற்றியைப் பார்த்தாள். கட்டைவிரல் அளவு குங்குமம் வைக்கிற நெற்றி.

"எனக்குக் கண் இருக்கிறது, மை டியர்," என்றாள். "அன்றைக்கே தெரியும்."

தெரிந்தும் எதற்கு அவளை அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். மேடம் ரொம்பப் பொறுமையாக விளக்கினாள். உன் கணவர் இல்லாமல் என் கணவருக்கு இந்த புராஜெக்ட் நடக்காது. நடந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கவும் என்னால் முடியாது. அந்தப் பெண் தானே ஒப்புக்கொண்டாள், அதனால் எல்லாருக்கும் சுலபமாகிவிட்டது. வேறு வீட்டில் வேலைக்குச் சேர நல்லவிதமாக ஒரு கடிதமும் எழுதிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிவிட்டு எனக்கு டீ ஊற்றினாள். மெல்லிசான வெள்ளைக் கோப்பை. தட்டிவிட்டிருக்க வேண்டும். குடித்தேன். தேங்க் யூ என்றும் சொன்னேன்.

வீட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு தகர அறை. ஏசி கிடையாது. ஒரு பால் பவுடர் அட்டைப்பெட்டிக்குள் பிள்ளைகளுக்கு வாங்கிய துணிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"நான் சொல்லிட்டேன்," என்றேன். "நான்தான் செஞ்சேன்னு மேடத்துகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

"முன்னாலயே தெரியுமாம்."

"எனக்கும் தெரியுங்கா. அது அழுதுக்கிட்டே ஒங்க நெத்தியத்தானே பாத்திச்சு."

எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது, அதுவும் அவள் மேல். "அப்ப ஏன்டி யெஸ்னு சொன்ன? எத்தன நாள் சொல்லிக்கொடுத்தேன், ஐ டிட் நாட்னு? அதச் சொல்ல வேண்டியதுதானே?"

அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே பதில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"அதச் சொன்னா அடுத்து 'ஹூ'ன்னு கேக்கும். அதுக்குப் பதில் நீங்க சொல்லித்தரலையேக்கா. நீங்க வாயத் தொறப்பீங்கன்னுதான் ஒங்களப் பாத்தேன். நீங்க டிரேயப் பாத்தீங்க." பிறகு முடிச்சைக் காட்டி, "இதுல வெரல வைங்க. கயிறு நழுவுது," என்றாள்.

வைத்தேன். என் விரலைச் சுற்றி இறுக்கி, விரலை உருவச்சொல்லி, முடிச்சுப் போட்டாள். டிரைவர் வெளியே ஹாரன் அடித்து, "யல்லா, யல்லா," என்று அவசரப்படுத்தினான். பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். மேடம் எழுதிய கடிதம் கட்டிலின் மேலேயே கிடந்தது. அதை நான் எடுத்துவந்தேன். யாருக்கு அனுப்ப? அவள் ஊர்ப்பேர் தெரியும், தோட்டத்தின் பேர் தெரியாது. இரண்டு மாசம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள், நான் கேட்கவே இல்லை.

படம் லண்டனுக்குப் போனது. அங்கே இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். ஆறு மாசத்தில் புருவத்தோடு, நெற்றியோடு, கன்னத்தில் மை இல்லாமல் திரும்பி வந்தது. எங்கே கெட்டது என்று சொன்னால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. முன்னால் கண்ணாடியும் போட்டிருந்தார்கள். எங்கள் விசாவும் ரினியூ ஆனது. எல்லாம் சரியாகிவிட்டது. அவள் மட்டும் திரும்பி வரவில்லை.

மறு வருஷம் ஜூன் வந்தது. காலிங் பெல் அடித்தது. திறந்தால் மேடம், அதே டவலில் சுற்றி அதே படம். "இப்போது கண்ணாடி இருக்கிறது, இனி பயமில்லை," என்று சிரித்தாள். உன்னைப்போல அக்கறையாகப் பார்த்துக்கொள்ள இந்த ஊரில் யார் இருக்கிறார்கள், இந்த வருஷமும் வைத்துக்கொள்வாயா என்று கேட்டாள். இவர் எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. ஒரு வருஷமாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே மேடத்துக்குச் சொல்வதற்கென்று நான் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எத்தனை. நல்ல இங்கிலீஷ் வாக்கியங்கள், பி.ஏ. இங்கிலீஷ். தலையை நிமிர்த்தினேன்.

"யெஸ் மேடம்," என்று சொல்லி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.